உச்சிவெயிலில் எட்டு நடந்தவர்

எங்கள் ஊர் ஏரியைச் சுற்றி நடைபாதை போட்ட வருடம் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஒரகடம் சாலையில் இருக்கும் கம்பெனிகள் சில சேர்ந்து செலவு செய்ததாகச் சொன்னார்கள். அதுவரை ஏரி என்றால் எங்களுக்கு மாடு கழுவுகிற இடம், துணி துவைக்கிற இடம், விடியற்காலையில் ஒதுங்குகிற இடம். ஒரே கோடையில் கரையை உயர்த்திச் சிமென்ட் கல் பதித்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, மூலையில் ஒரு பூங்காவும் கட்டி, வாசலில் பெரிய பலகை ஒன்றை நட்டுவிட்டார்கள். மாடு கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, அசுத்தம் செய்யக் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் காலம்காலமாகச் செய்துவந்த எல்லாவற்றையும் அந்தப் பலகை வரிசையாகத் தடை செய்தது. ஆனாலும் யாருக்கும் கோபம் வரவில்லை. நமக்கும் ஒரு பூங்கா வந்துவிட்டது என்று ஊருக்கே தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பூட்டைத் திறந்தால் திருவிழாக் கூட்டம்தான். கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்து ஊருக்குள் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் வாரவிடுமுறைச் சட்டையில் வந்து வேலியில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுப்பார்கள். விடுதிப் பெண்கள் கடலை கொறித்துக்கொண்டு கும்பலாக நடப்பார்கள். தண்ணீருக்குள் பட்டுப்போன கருவேல மரங்கள் நின்றிருக்கும். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிர்க்கரையில் தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் நீளமாகத் தெரியும். அம்மாவுக்கு அப்போதுதான் சர்க்கரை என்று கண்டுபிடித்திருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்பு சரக்சரக்கென்று சத்தமிட, அவள் தினமும் இரண்டு சுற்று நடப்பாள். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். அதுவரை வீடு, ரேஷன் கடை, அம்மன் கோயில் தவிர வேறெங்கும் காரணமில்லாமல் நடந்தறியாத அம்மா, கையை வீசிக்கொண்டு காற்று வாங்கி நடப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருக்கும்.

பூங்காவின் நடுவில் எட்டு இருந்தது. கூழாங்கல் பதித்து எட்டு என்கிற எண்ணின் வடிவத்தில் போட்ட பாதை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன்மேல் ஒரு பக்கமாகக் கொஞ்ச நேரம், பிறகு மறுபக்கமாகக் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். நடந்தால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் ஓடிவிடும் என்று பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். நடக்கும்போது பேசக் கூடாது என்பது யார் போட்ட சட்டமோ தெரியாது, எல்லோரும் கடைப்பிடித்தார்கள். எங்கள் தெருப் பெரியம்மாக்களே, என்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளாமல் விடாதவர்கள், எட்டில் இறங்கியதும் யாரோ ஆகிவிடுவார்கள். முகம் நம்மை நோக்கி வரும், கண் நம்மைப் பார்க்காது, வளைவில் திரும்பி முதுகைக் காட்டிப் போய்விடும். அம்மா எட்டு நடக்கும்போது நான் பார்க்க மாட்டேன். ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எனக்குப் பிடித்தது ஊஞ்சல். இருந்ததே இரண்டு, இரண்டையும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டா போட்டு வாங்கிவைத்திருந்தார்கள். பூங்கா திறந்து மூன்று மாதம் ஆகியும் நான் மொத்தமாக ஐந்து நிமிடம் ஆடியிருந்தால் அதிகம்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் பயிற்சியாளாகச் சேர்ந்து, எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதில் கெட்டிக்காரர். ஒருநாள் மதகுக் கட்டையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நான் மீன் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்தவர், அன்று சாப்பிடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏரில ஒண்ணு கீது பாப்பா. உச்சி வேளைல கரமேல நடக்கும். நமக்குத் தெரிஞ்சவங்க மாதிரியே வரும். அதே மூஞ்சி, அதே சட்ட. பக்கத்துல வந்தாக்கூட கண்டுபுடிக்க முடியாது."

"அப்போ எப்டி மாமா தெரிஞ்சிக்கிறது?"

"மூணு தபா கூப்புட்டுப் பாரு. மனுசனா இருந்தா திரும்பிடுவான். அதுவா இருந்தா திரும்பாது."

"ஏன்டா, சோறு துன்ற கொழந்தய பயமுறுத்தினுகீற?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். மாமா சிரித்துக்கொண்டே தட்டில் கை கழுவினார். தண்ணீர்ப் பக்கம் நான் தனியாகப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். நான் போகமாட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்பா வண்டிகளுக்கு ஒயர் பின்னித் தருகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் நாங்கள் அப்பாவின் ஷிஃப்டைப் பார்த்துத்தான் நேரம் சொல்வோம். முதல் ஷிஃப்ட் வாரத்தில் ஐந்தரைக்கு விளக்கெரியும், பிற்பகல் மூன்றரைக்கு அப்பா வருவார். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். வெளிர்நீலச் சட்டை, கறுப்புப் பேன்ட், இரும்பு மூக்கு வைத்த கனமான ஷூ, கழுத்தில் கம்பெனி அட்டை. பல வருடம் சாப்பாட்டுப் பையை இடது தோளில் மாட்டி மாட்டி, பை இல்லாதபோதும் இடது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு வலது கையை மட்டும் வீசி நடப்பார். தெருக்கோடியில் வரும்போதே அந்த நடையை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடுவேன்.

காலாண்டுத் தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சை அன்று பன்னிரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் இடதுபக்கம் திரும்பினால் வீடு, வலதுபக்கம் திரும்பினால் ஏரி. அந்த நேரத்தில் பூங்கா பூட்டியிருக்கும் என்று தெரியும். வேலியில் ஆடு நுழைந்து நுழைந்து ஒரு சந்து விழுந்திருப்பதும் தெரியும். இரண்டு ஊஞ்சலும் சும்மா தொங்கிக்கொண்டிருக்குமே என்ற நினைப்பு வந்ததும் மாமா சொன்னது எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு சந்தில் நுழைந்தேன்.

உள்ளே ஈ காக்கை இல்லை. சாயங்காலம் முழுக்கச் சத்தத்தோடு பார்த்த இடம், வெயிலில் வேறொரு இடமாக இருந்தது. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியை யாரோ அணைக்க மறந்திருக்க வேண்டும்; பாட்டு இல்லை, 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கருவேல மரங்களில் ஒரு பறவைகூட இல்லை. என் நிழல் என் காலுக்கடியிலேயே சுருண்டு கிடந்தது. ஊஞ்சல் பலகை சுட்டது. அதைப்பற்றி எனக்கென்ன? உட்கார்ந்து உந்தினேன்.

மேலே போனபோது ஏரி முழுக்கத் தெரிந்தது. எதிர்க்கரையில் யாரோ நடந்துகொண்டிருந்தார்.

கீழே வந்து மறுபடி மேலே போனேன். ஆள் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தார். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் ஒரு மரம் தாண்டியிருந்தார். பூட்டிய பூங்காவுக்குள் அவர் எப்படி வந்தார் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. என்னைத் திட்டப்போகிற காவல்காரர் என்றுதான் நினைத்தேன். பிறகு மதகுப் பக்கத்துப் புதர் மறைத்துவிட்டது. நான்கு முறை மேலே போயும் ஆளைக் காணவில்லை. காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினேன். சங்கிலி கிறீச்சிடுவது நின்றதும், சிமென்ட் கல்மேல் ஷூ விழுகிற சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத, ஒரே அளவான சத்தம்.

சறுக்குமரத்தை யானை வடிவத்தில் கட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய் யானையின் தும்பிக்கைக்கு அடியில் குந்திக்கொண்டேன்.

அவர் வந்தார். தோளிலிருந்த பையைக் கழற்றிச் சிமென்ட் பெஞ்சில் வைத்தார். எட்டில் இறங்கினார். முதலில் முதுகுதான் தெரிந்தது: வெளிர்நீலச் சட்டை, வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. வலது கை வீசியது, இடது கை வீசவில்லை. வளைவில் திரும்பினார். முகம் எனக்கு நேராக வந்தது.

அப்பா.

ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்திருக்கப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. அது முதல் ஷிஃப்ட் வாரம். அப்பா கம்பெனியில் இருக்கிறார். மூன்றரைக்குத்தான் வருவார். என்னைச் செருப்போடு எட்டில் கால்வைக்க விடாத அப்பா, இப்படி ஷூக் காலோடு கூழாங்கல்லை மிதிக்க மாட்டார். வெயில் உச்சந்தலையில் நின்றிருந்தது.

அந்த முகம் யானையைப் பார்த்தபடி வந்தது, என்னைப் பார்த்தபடி வந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நடுவில் பாதை குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, முதுகைக் காட்டிப் போனது. மறுபடி முகம். மறுபடி முதுகு. எத்தனை முறை என்று எண்ணவில்லை. முகம் வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன், முதுகு தெரியும்போது விட்டுக்கொள்வேன். கடைசியில், முதுகு தெரிந்த ஒரு முறை, கூப்பிட்டுவிட்டேன்.

முதல் 'அப்பா' எனக்கே கேட்கவில்லை. நடந்துகொண்டேயிருந்தது.

இரண்டாவது 'அப்பா' சத்தமாகவே வந்தது. கால் நின்றது. ஒரு ஷூ முன்னே, ஒரு ஷூ பின்னே, அப்படியே நின்றது. வலது கை மேலே வந்து கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது முறை நான் அழுதுகொண்டே கூப்பிட்டேன். பிடரியில் வியர்வை வழிவதைக்கூடப் பார்த்தேன். திரும்பவில்லை. எட்டிலிருந்து இறங்கி, மதகை நோக்கி நேராக நடந்து, படிக்கட்டில் இறங்கியது. தலை கடைசியாக மறைந்தது. பெஞ்சில் பை அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுப் பை. கைப்பிடி அறுந்து அம்மா பச்சை நூலால் தைத்த பை. பச்சை நூல்வரைக்கும் அதற்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வேலிக் கம்பி கிழித்த தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் கண்டுவிட்டது. மூன்றரைக்கு, ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாமல், அப்பா வந்தார். அதே வெளிர்நீலச் சட்டை, தோளில் பச்சை நூல் தைத்த பை. நான் வீறிட்டுக் கத்தினேன்.

"இன்னா ஆச்சு பாப்பாக்கு?" என்று கேட்டார் அப்பா. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பரீட்ச உட்டு ஏரிக்குப் போயிருக்கா. ஒன்ன மாதிரியே ஒண்ணு அங்க நடந்துதாம். மூணு தபா கூப்ட்டாளாம், திரும்பவே இல்லியாம். பயந்துகினு ஓடியாந்துகீறா" என்றாள் அம்மா.

அப்பா பையைக் கழற்றி வாசற்படியில் வைத்தார். பிறகு, "வெயிலு" என்றார். "வெயில்ல அப்டித்தான் தோணும்."

மாமாவுக்குத்தான் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. "நான் சும்மா சொன்னேன்கா, அம்மன் சத்தியமா நானா கட்டிச் சொன்னது" என்று அம்மாவிடம் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அப்படியென்றால் குழந்தை பார்த்தது என்ன என்று அம்மா கேட்டாள். தான் கட்டிவிட்ட பொய் தன் வீட்டுக்கே வந்து நிற்கிறது என்று பயந்து, அதற்குப் பிறகு ஒரு வாரம் மாமா கொல்லைப்பக்கம் போகக்கூட என் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டார்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. பயம் இறங்கவில்லை. ஏரியை நினைத்து நான் பயப்படவில்லை, ஏரி தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வருவது யார் என்பதுதான் என் பயம். ஒரே மாதிரி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், நிஜமான அப்பா இன்னும் கம்பெனியிலேயே ஒயர் பின்னிக்கொண்டிருக்க, மூன்றரைக்கு வந்து எங்களோடு சாப்பிட்டுத் தூங்குவது மற்றதாக இருக்கலாம் இல்லையா? நான் அவரைக் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தேன். நிழல் விழுகிறதா, தண்ணீர் குடிக்கும்போது தொண்டை அசைகிறதா என்றெல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. அவர் வாங்கிவந்த கடலை உருண்டையைத் தொடவில்லை. பக்கத்தில் வந்தால் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொள்வேன். நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஒருமுறை, அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது, தூரத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "அதும் மூஞ்சி எப்டி இருந்துச்சு பாப்பா?"

"ஒன்ன மாதிரியே. ஆனா யாரையுமே தெரியாத மாதிரி."

அப்பா தலையை ஆட்டினார்.

நான் இப்போது இதை மறைத்து வைத்துக் கதை சொல்ல விரும்பவில்லை. அப்பா வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடியிருந்தார்கள். அந்த லைனில் இருந்தவர்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. இதை மாமாதான் நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் என்னிடம் சொன்னார். வீட்டில் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. சம்பள நாள் வருவதற்குள் வேறு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அதனால் வழக்கம்போலக் கிளம்பி, மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் போகிறவரை டீக்கடைக்குப் பின்னால் நின்று, பிறகு ஏரிக்கு நடந்திருக்கிறார். இரண்டு மூன்று கம்பெனி வாசலில் விசாரித்துவிட்டு வந்து, மிச்ச நேரம் முழுக்க நடந்திருக்கிறார். எனக்கு ஆறாதது எதுவென்றால், அவர் ஷிஃப்ட்கூட மாறினார். முதல் ஷிஃப்ட் வாரம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை, ஒருத்தரும் கேட்காத இரண்டாம் ஷிஃப்டுக்கு, மதியம் ஒன்றரைக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. 'அது நான்தான்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பயம் அந்த நிமிடமே போயிருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மகளின் பயமா, வேலை போன ரகசியமா என்று அவர் அந்த நாட்களில் எப்படித் தராசு பிடித்திருப்பார் என்று நினைத்தால் அந்தக் கோபமும் நிற்பதில்லை.

நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, மந்திரிக்கிறவரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. எங்கள் ஊரில் மந்திரிக்கிறவர் அப்போது ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தார். பேய் பிடித்தால்கூட அவருடைய ஷிஃப்டைக் கேட்டுக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, டியூட்டி முடிந்த கையோடு, காக்கிப் பேன்ட்டும் விசிலுமாக வந்தார். இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் அப்பாவும் வீட்டில் இருந்தார். என்னை உட்காரவைத்து வேப்பிலையால் வருடி, எங்கே பார்த்தாய், என்ன சட்டை, எந்தக் கை வீசியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிவாதமான சாமான்" என்றார் மந்திரிக்கிறவர். "அது கால் வெச்ச எடத்து மண்ணு வேணும். வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல உப்பு மொளகாயோட வெச்சு சுத்தி நெருப்புல போடணும். மண்ண பெத்தவன் கையால எடுத்தாரணும்."

"கல்லு பதிச்ச எடத்துல மண்ணுக்கு எங்க போறது?" என்று அம்மா கேட்டாள்.

"அது எங்கல்லாம் போச்சோ அங்க இருக்கும்" என்றார் அவர்.

"நான் எடுத்தாறேன்" என்றார் அப்பா. "வெள்ளிக்கெழம கம்பெனில பர்மிஷன் போட்டுட்டு வந்துடறேன்."

பர்மிஷன் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அப்பா வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மாமா விளக்குக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். அடுப்புக்கரி கனன்றுகொண்டிருந்தது. கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் ஒரு முறத்தில் இருந்தன. என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பாக, பொடியாக, சுத்தமான மண். ரோட்டோரம் கொட்டியிருந்த வீடு கட்டுகிற மண் மாதிரி இருந்தது. விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மடித்து ஓரமாக வைத்துவிட்டாள். எழுந்து வாசலுக்குப் போனாள். அப்பாவின் ஷூ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

அடிப்பக்கத்துப் பள்ளங்களிலெல்லாம் கறுப்புக் களிமண் அப்பிக் காய்ந்திருந்தது. ஏரியின் உள்கரையில்தான் அந்த மண் உண்டு. கம்பெனித் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், ஒரு தூசி இருக்காது என்று அப்பாவே எங்களிடம் பெருமையாகச் சொல்வார். அம்மா கொண்டை ஊசியைப் பிடுங்கி அந்த மண்ணை நோண்ட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஒரு ஷூவை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். காய்ந்த மண் பொத்பொத்தென்று முறத்தில் உதிர்ந்தது.

"அம்மா, அது அப்பா ஷூம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீயும் வந்து குந்து."

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நகர்ந்துகொண்டேன். அம்மா மண்ணையும் உப்பையும் மிளகாயையும் இரண்டு கையிலும் அள்ளி, எங்கள் இருவர் தலையையும் சேர்த்து மூன்று முறை சுற்றினாள். திருஷ்டி கழிக்கும்போது வழக்கமாகச் சொல்கிற எதையும் அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"போனது போவட்டும். இன்னும் எவ்ளோ நாளிக்கு அந்த ஏரியவே சுத்தினு இருப்ப? வெயில்ல காயாத. வூட்டுக்கு வந்துடு."

பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மிளகாயை இன்னும் நெருப்பில் போடவே இல்லை, அதற்குள் அவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனார். அம்மா கையிலிருந்ததைக் கனலில் போட்டாள். படபடவென்று உப்பு வெடித்தது.

விரட்டுவதற்காக இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு, அம்மா அதைப் போய் வீட்டுக்குக் கூப்பிடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமும் பயமுமாக வந்தது. அன்றிரவு அவளோடு பேசவில்லை. மாமாவின் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்றரை மணி ஆயிற்று. அப்பா கிளம்பவில்லை. இரண்டு மணி ஆயிற்று, ஷூ வாசலிலேயே கிடந்தது. லுங்கியைக் கட்டிக்கொண்டு, நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்து, பல நாள் தூங்காதவர் நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல இருந்தது. அம்மா சோறு போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஏதோ சொல்லி மெதுவாகச் சிரித்துக்கூடக் கொண்டார்கள். அப்பா ஒரு உருண்டை சோற்றைப் பிசைந்து, "வாம்மா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நிஜமான அப்பா இந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அம்மா கூப்பிட்டாள், அது வந்துவிட்டது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, அப்பாவைத் தேடிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன்.